ஸாஉம் கிலோவும்

ரமளானின் கடைசிப் பத்து வந்துவிட்டால், ஃபித்ரா ஒருவருக்கு 2.5 கிலோ அரிசி என்று பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுகிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் கடமையாக்கியது கிலோ அல்ல, ஒரு ஸாஉ. அது எடை அல்ல. நம் படி, மரக்கால் போல முகந்து அளப்பது. நடுத்தர உடல்வாகுள்ளவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத். 4 முத் ஒரு ஸாஉ.

ஒரே பாத்திரத்தில் கோதுமையை நிரப்பி நிறுத்துப் பாருங்கள். பிறகு கோதுமை மாவை நிரப்புங்கள். அடைக்கும் இடம் ஒன்றுதான். மாவின் எடை குறைவாக இருக்கும்.

ஈராக்கில் ஒரு ஸாஉ 8 ராத்தல் என்றார்கள். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது, மக்கள் தம் முன்னோர் பயன்படுத்திய பாத்திரங்களையே கொண்டுவந்து காட்டினார்கள் என்று வரலாற்றில் வருகிறது. அவர் கண்ட அளவு ஐந்தே மூன்றில் ஒரு பங்கு ராத்தல். தம் ஆசிரியர் இமாம் அபூ ஹனீஃபாவின் (ரஹ்) கருத்தையே விட்டுவிட்டார். எவ்வளவு பெரிய மனசு!

முதஃப்பிஃபீன் அத்தியாயம் அளப்பதையும் நிறுப்பதையும் சேர்த்தே கண்டிக்கிறது. ஏனெனில் இரண்டிலும் திருட வழி உண்டு. வாங்கும்போது படியைக் குலுக்கி அமுக்குவார்கள், கொடுக்கும்போது பொலபொலவென்று கொட்டுவார்கள். தராசு என்றால் அரிசியில் தண்ணீர் தெளிப்பார்கள்.

சரியாக 2.5 கிலோவில் கையை நிறுத்துகிறவரே! உங்கள் அரிசி கனமான ரகமாக இருந்து, அந்த எடைக்கு ஸாஉ நிரம்பவில்லை என்றால், குறைந்தது யாருடைய பங்கு?