பாரணை

போன வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் பட்டினி. ஒருவர் என் அம்மா, வயது 78. மற்றவன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மகன், வயது 29. அம்மா இருந்தது விரதம். அவன் இருப்பது இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங். நாளில் 16 மணி நேரம் தண்ணீரும் பால் சேர்க்காத காப்பியும் தவிர எதுவும் கிடையாது. பகல் 12 மணியிலிருந்து இரவு 8 மணிவரை சாப்பிடலாம். ஏகாதசி, அமாவாசை என்ற பேதமெல்லாம் அவனுக்கு இல்லை, எல்லா நாளும் ஒரே கணக்கு, போனில் ஓர் ஆப் அதை எண்ணிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு பட்டினிக்கும் நடுவில், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்வந்தவன் நான்.

சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், 31 வருஷமாக. ஊர் வாயில் அது 'மெடிக்கல்'. ஆரம்பத்தில் சத்து சமாச்சாரம் என்றால் கடையில் ஒரே ஒரு தட்டுதான்: பி காம்ப்ளெக்ஸ் அட்டை, இரும்புச்சத்து மாத்திரை, பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு டானிக். இப்போது கல்லாவுக்கு நேர் எதிரே, கண்ணில் படுகிற இடம் முழுக்க அதுதான். புரோட்டீன் டப்பா, மீன் எண்ணெய் கேப்சூல், முடிக்கு பயோட்டின், தோலுக்கு கொலாஜன், தூக்கத்துக்கு மெக்னீசியம். காய்ச்சல் மாத்திரை உள் அலமாரிக்குப் போய்விட்டது. ரெப் வந்து தானே அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார், பத்துக்கு இரண்டு ஃப்ரீ. டாக்டர் சீட்டோடு வருகிற மருந்தில் நிற்பதைவிட இதில் எனக்கு நிற்பது அதிகம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நான் பேசுவதை அந்தத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைத் திருப்பினால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். ஆக, மருந்துக்கடையில் உட்கார்ந்துகொண்டு மருந்தல்லாததை விற்கிறேன். சரி, அது உணவா? உணவுக்குப் பசி வேண்டும். பசித்து வந்து பயோட்டின் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மருந்துமில்லை, உணவுமில்லை என்றால் எங்கள் ஊரில் மிச்சம் இருப்பது ஒன்றுதான், பிரசாதம். வாங்குகிறவர்கள் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய வாடிக்கை. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவென்று டாக்டர் 60,000 யூனிட் கேப்சூல் எழுதியிருந்தார், வாரம் ஒன்றாக எட்டு வாரம். கவரில் வேளை எழுதிக் கொடுப்பது என் பழக்கம். அன்றைக்குக் கடையில் கூட்டம், எழுதவில்லை. அவர் தினம் ஒன்று போட்டுக்கொண்டார். தீர்ந்ததும் வந்து, "நல்லா தெம்பா இருக்கு சார்" என்று மேலும் அட்டை கேட்டார். நானும் எடுத்துக் கொடுத்தேன், கை தானாகப் போனது. இரண்டு மூன்று மாதத்தில் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 600 யூனிட். அந்த ஒற்றைக் கேப்சூலில் இருப்பது 100 நாள் கணக்கு. தண்ணீரில் கரைகிற வைட்டமின் என்றால் மிச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில் போய்விடும். இது கொழுப்பில் கரைவது, உடம்பு சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. "சத்துதானே, அது என்ன பண்ணிடப் போவுதுன்னு நெனைச்சேன் சார்" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நல்லது என்று பெயர் வாங்கிவிட்ட பொருளுக்கு அளவு கிடையாது என்று நினைப்பது பக்தனின் மனசு. வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் மூலிகைப் பெயர் ஒன்றுகூட இல்லை. முதலில் செரிக்கட்டும், பிறகு அளவாகச் சாப்பிடு என்றுதான் பாதிக்கு மேல் போகிறது. அவர் கடை வைத்திருந்தால் ரெப் யாரும் இரண்டாம் தரம் படியேற மாட்டார்கள்.

அம்மாவின் கேப்சூல் கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. பி12 குறைவு. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தச் சத்தைச் செய்யத் தெரிந்தவை சில நுண்ணுயிர்கள்தான். மாமிசத்துக்கும் முட்டைக்கும் பாலுக்கும் அந்த வழியாகத்தான் வந்து சேருகிறது. அம்மா முட்டை தொடாதவள், பாலும் காப்பிக்கு ஒரு கரண்டி. நரம்பு மாத்திரை என்று கடையில் சொல்வோமே, அந்தக் கேப்சூலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இந்தத் தோலு எதுல செய்றான்?"

ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. டிப்ளமோவில் முதல் வருஷமே படித்தது. "ஜவ்வரிசி மாதிரி ஒண்ணும்மா" என்றேன். நம்பி முழுங்கினாள்.

ஒரு மாதம் அந்தப் பொய் தினமும் காலையில் எனக்குத்தான் தொண்டையில் நின்றது. பிறகு ஊசிக்கு மாற்றினேன். சிவப்பு மருந்து, தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. மாடும் இல்லை, ஆடும் இல்லை. (வைட்டமின் டி3 அப்படியல்ல, பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது. ஆசிரியருக்கு நான் அதைச் சொல்லவில்லை.) ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அப்ப பாவம் உன்னோடது" என்று கணக்கை முடித்துவிட்டு எழுந்துபோனாள்.

மகனும் சும்மா முழுங்குகிறவன் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்காமல் எதையும் வாயில் போடமாட்டான். சர்க்கரை எத்தனை கிராம், புரதம் எத்தனை கிராம். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு பேர் லேபிள் படிக்கிறார்கள். ஒருத்தி இது எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கிறாள். ஒருவன் இது எனக்குள்ளே போய் என்ன செய்யும் என்று பார்க்கிறான்.

ஏகாதசி ராத்திரி அவன் எனக்குப் பாடம் எடுத்தான். பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்று சுத்தமாகிறதாம்; அதற்குத்தான் ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கொடுத்தார்கள். "அதைத்தாம்பா நம்ம முன்னோர்கள் ஏகாதசின்னு வச்சிருக்காங்க." ஓசுமிக்கு நோபல் கொடுத்தது உண்மை. அவர் பட்டினி போட்டது ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டை. மனுஷர்களை வைத்து சீனாவில் குவாங்சோவில் 139 பேரிடம் ஒரு வருஷம் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. இரண்டு அணிக்கும் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ஓர் அணிக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. நேரம் பார்த்துத் தின்றவர்கள் சராசரி 8 கிலோ இளைத்தார்கள், பார்க்காதவர்கள் 6.3. அந்த இடைவெளி தற்செயலைத் தாண்டியது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை. இதைச் சொன்னேன். மகன் தன் ரிப்போர்ட்டை போனில் காட்டினான். மூன்று மாதச் சர்க்கரை 6.1இல் இருந்தது 5.6க்கு வந்திருந்தது. தொப்பையும் இல்லை. வேலை செய்யாத ஒன்றோடு சண்டை போடுவது சுலபம். இது வேலை செய்கிறது, எந்த வழியாகவோ.

என்னை உறுத்தியது அந்த முன்னோர்கள் பேச்சுதான். ஈரல் கொழுப்பைக் கரைக்கத்தான் அவர்கள் ஏகாதசி வைத்தார்கள் என்றால், பெருமாள் எதற்கு நடுவில்? உடம்பைக் கேட்டால் இரண்டு பட்டினியும் ஒன்றுதான். கொழுப்புக்குத் திதி தெரியாது, அம்மாவுக்கும் அவனுக்கும் ஒரே மாதிரிதான் எரியும். மருத்துவமே பட்டினியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. வலிப்பு நோயாளிகளைப் பட்டினி போட்டால் வலிப்பு குறைகிறது என்று கண்டு, சாப்பிட்டுக்கொண்டே அந்த நிலையை வரவழைக்க 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் யோசித்ததுதான் இன்றைய கீட்டோ. அப்படியென்றால் விரதம் என்பது அதற்கு மேலே என்ன? ஒன்றும் இல்லையா, வெறும் பெயர்தானா?

பரங்கிப்பேட்டையிலிருந்து எனக்கு நிறைய வாடிக்கை. ரமலான் பிறந்தால் சர்க்கரைக்காரர்கள் சீட்டோடு வருவார்கள், காலை மாத்திரையை விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு மாற்றலாமா, நோன்பு திறந்ததும் போடலாமா என்று. டாக்டரிடம் கேட்கச் சொல்லி அனுப்புவேன். சிலரை டாக்டர் நோன்பே வேண்டாம் என்றுவிடுவார். அவர்கள் மார்க்கத்தில் அதற்கும் வழி உண்டு. இனி எப்போதுமே நோன்பு வைக்க முடியாத நோயாளி, விட்டுப்போன ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட வேண்டும். முதன்முதல் ஒரு பெரியவர் இதைச் சொன்னபோது கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். என் பட்டினிக்கு ஈடு இன்னொருத்தர் வயிறு நிறைவது. இந்தக் கணக்கில் இரண்டு வயிறு இருக்கிறது. மகனுடைய ஆப்பில் ஒரு வயிறுதான்.

இதைச் சொல்லிவிட்டு அம்மா பக்கம் சாய்ந்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் இருந்த விரதத்தில் முக்கால்வாசி புருஷனுக்கும் பிள்ளைக்கும். அம்மா வயிற்றைக் காயப்போட்ட நாட்களில் அப்பா அவள் கையாலேயே இரண்டாம் தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான். என் மகன் தன் உடம்புக்குத் தானே பட்டினி இருக்கிறான், அவன் பெண்டாட்டியை இருக்கச் சொல்லமாட்டான். அது ஒரு நியாயம்.

சாயங்காலம் கடைக்கு ஒரு பூக்காரம்மா வருவார். "அசதியா இருக்கு, சத்து மாத்திரை ஒரு அட்டை குடு தம்பி." மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க என்று ஒருநாள் கேட்டேன். "டீ." காலையில்? அதுவும் டீ. அவரும் 16 மணி நேரம்தான், ஆப் இல்லாமல்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823இல் பிறந்தவர் வள்ளலார். 1867 மே 23ஆம் தேதி வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியையே அவர் பிணி என்றார். ஆனால் அந்த வள்ளலார் உடம்பை விட்டுக்கொடுத்தவர் இல்லை. கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று மூலிகை சொன்னார், எப்படித் தூங்குவது, எப்படிக் குளிப்பது என்றெல்லாம் விதி சொன்னார், கடைசியில் சாகாமலே இருக்கலாம் என்றும் சொன்னார். மூப்பைத் தள்ளிப்போட வருஷத்துக்கு 20 லட்சம் டாலர்வரை செலவழிக்கிற பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரரைப் பற்றி மகன் வியந்து சொன்னபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. காயகற்பம் தேடிய நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்த ஆசைதான். மூலிகையும் பழசு, ஆசையும் பழசு. அந்த வாசலுக்குத் திறவுகோல் அடுத்தவர் பசியை ஆற்றுவதுதான் என்று வள்ளலார் வைத்திருந்தார். அந்தக் கோலை மட்டும் எந்த டப்பாவிலும் அடைத்து எனக்கு சப்ளை வரவில்லை.

துவாதசிக் காலைக்கு வருகிறேன். என் மனைவி விடிவதற்குள் சமைத்துவிட்டாள்: அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். விரதம் முடித்து முதல் வாய் சாப்பிடுவதற்குப் பாரணை என்று பெயர். துவாதசி கழிவதற்குள் முடித்துவிட வேண்டும். அம்மா அன்று பிரஷர் மாத்திரையும் போடமாட்டாள், அகத்தி மருந்தை முறிக்கும் என்று. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். ஏழு மணிக்கு மகனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் போர்வைக்குள்ளிருந்தே, "எனக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் பாட்டி" என்றிருக்கிறான். "சரி கண்ணு." நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்தரைக்கு மனைவி போன் பண்ணினாள். அத்தை இன்னும் சாப்பிடவில்லை, துளசித் தீர்த்தம் மட்டும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாகவதத்தில் அம்பரீஷன் கதை, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விரதம் முடித்துப் பாரணைக்கு உட்காரும்போது துர்வாசர் விருந்தாளியாக வந்தார். குளித்துவிட்டு வருகிறேன் என்று நதிக்குப் போனவர் வரவில்லை. துவாதசி கழியப்போகிறது. விருந்தாளியை விட்டுவிட்டுச் சாப்பிடவும் கூடாது, பாரணை தவறவும் கூடாது. ராஜா ஒரு வாய் தண்ணீர் குடித்தான். தண்ணீர் சாப்பிட்டதாகவும் ஆகும், சாப்பிடாததாகவும் ஆகும். கோபித்துக்கொண்ட முனிவர், தன்னைத் துரத்திய பெருமாளின் சக்கரத்துக்குப் பயந்து உலகமெல்லாம் ஓடித் திரும்பிவர ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை ராஜா தண்ணீரோடு காத்திருந்தான். வந்தவருக்கு முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிட்டான்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடினேன். மகன் லேப்டாப்பில் இருந்தான். கத்திவிட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா, அவங்க சாப்பிட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன்" என்று எழுந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. கூடத்துக்கு வந்து பாட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். மனைவி இரண்டு இலை போட்டாள். மணி 10.50. ஆப்பை நிறுத்தியபோது ஏன் முன்கூட்டியே முடிக்கிறீர்கள் என்று அது கேட்டது. பசி, உடல்நலக்குறைவு, விருந்து என்று கட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்தான். எதையும் அமுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அம்மா அவன் முதல் வாய் எடுக்கும்வரை இலையில் கை வைக்கவில்லை.

"கசக்குதா?"

"ரொம்ப."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றாள்.