விருந்தாளியும் பங்காளியும்

வரிச்சிக்குடியில் பஸ் ஏறி வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டென்மார்க்கின் கையில் இருந்தது. தெற்கே போனால் காரைக்கால். ஆங்கிலேயர் இடையிடையே பிடித்து வைத்திருந்த வருடங்கள் போக, 1739 முதல் 1954 வரை பிரான்சின் கையில். இன்னும் கொஞ்சம் தெற்கே நாகப்பட்டினம். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர்கள் பிடுங்கி, 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்த ஊர். காலையில் கிளம்பினால் மூன்று ஐரோப்பிய நாடுகள் விட்டுப்போன மிச்சத்தையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். கோபன்ஹேகன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் எங்களுக்கு பூகோளப் பாடம் இல்லை. ஒன்று வடக்கே போகிற பஸ், மற்ற இரண்டும் தெற்கே போகிற பஸ்.

இதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஐரோப்பா போய் வருவது பெரிய செய்தி ஆவதில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீடுகளில் கூடத்துச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஈஃபில் கோபுரம் மாட்டியிருக்கும். 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தில், இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடரலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு வருவார்கள். இங்கிருந்து யாராவது போனால் சுற்றிக்காட்ட ஒரு வரிசையும் வைத்திருக்கிறார்கள்: ஈஃபில், லூவர், வெர்சாய். பிறகு காரை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். விசா கிடைத்தால் லண்டன். அங்கே பக்கிங்ஹாம் அரண்மனையின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு படம்.

இந்த மாதிரிச் சுற்றுலாவைக் கிண்டல் செய்வது எளிது. ஒரு அரண்மனைக்கு ஒரு மணி நேரம், ஒரு ஓவியத்துக்கு ஒரு செல்ஃபி என்று. எனக்கு அந்தக் கிண்டலில் சேர விருப்பமில்லை. பெரிய கட்டடத்தின் முன்னால் வாயைப் பிளந்து நிற்பது மனிதனுக்கு ஒரு சுகம். தஞ்சாவூர்ப் பெரிய கோவில் வாசலில் நின்றவனுக்கு அது தெரியும். அதற்காகக் கடன் வாங்கிப் போகிறவனையும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இருக்கிற கேள்வி வேறு. அந்த வாசலில் நாம் யாராக நிற்கிறோம்?

பாரிஸுக்குப் போன ஆரம்பகாலத் தமிழர்களில் நமக்குப் பெயர் தெரிந்த ஒருவர் குருவப்ப பிள்ளை. அவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர் அல்ல. அவருடைய தகப்பனார் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-இல் அவர்மேல் குற்றம் சாட்டி, கடைவீதியில் ஐம்பது கசையடி கொடுத்து, சொத்தைப் பறித்துச் சிறையில் போட்டார்கள். மறு வருடம் சிறையிலேயே இறந்தார். மகன் கப்பலேறி பிரான்சுக்கே போய் முறையிட்டார். தகப்பனார்மேல் விழுந்த பழி நீங்கியது. மகனுக்கோ புனித மிக்கேல் வரிசையின் செவாலியே பட்டம். அங்கே அவர் ஞானஸ்நானம் பெற்றார். சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயிக்காக அப்போது நாட்டை நடத்திவந்த ஆர்லியன்ஸ் கோமகனே ஞானத்தந்தையாக நின்றார். மதம் மாறியதால் காரியம் நடந்ததா, காரியம் நடக்கட்டும் என்று மாறினாரா என்பதை அவரவர் பார்வைக்கு விட்டுவிடலாம். திரும்பி வந்து, தகப்பனார் இருந்த வேலையிலேயே அமர்ந்து, 1724-இல் காலமானார்.

அவர் பார்த்த பாரிஸ் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. லூவர் அப்போது அருங்காட்சியகம் இல்லை, ஈஃபில் கோபுரம் எழ இன்னும் நூற்று எழுபது வருடம் இருந்தது. அரண்மனை மாடத்தில் தங்கப் பூச்சு இருந்ததா என்பதைவிட, தன் மனுவை எந்த மேசையில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அவர் கண் இருந்திருக்கும். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவன் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பான். பங்காளியாகப் போகிறவன் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்ப்பான்.

நான் அக்கா வீட்டில் தங்கி வெர்சாய் பார்க்கப் போனபோது, அத்தான்தான் கூட வந்தார். வெயிலில் நீண்ட வரிசை. உள்ளே போனால் கண்ணாடி மண்டபம்: எழுபத்து மூன்று மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். கண்ணாடி தங்கத்துக்கு ஈடாக விலை விற்ற காலத்தில், வெனிஸ்காரர்களின் தொழில் ரகசியத்தை பிரான்சுக்கு இழுத்துவந்து செய்த வேலை அது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அத்தான் என் தோளைத் தட்டி, "பாத்துக்கங்க தம்பி, இந்த வீட்டுக்காரன்தான் நம்ம ஊர வாங்குனவன்" என்றார். பக்கத்திலிருந்த அக்கா, "மெதுவாப் பேசுங்க, திருப்பிக் கேக்கப்போறான்" என்றாள்.

அத்தான் சொன்னதில் சின்னத் திருத்தம் உண்டு. வாங்கியது கம்பெனி; பதினைந்தாம் லூயி அந்தக் கம்பெனிக்கு மேலே இருந்த ராஜா. விற்றவர் தஞ்சாவூரில் இருந்த மராட்டிய ராஜா சாகுஜி. சிம்மாசனச் சண்டையில் அவருக்குப் பணமும் துணையும் தேவைப்பட்டன. புதுச்சேரி கவர்னர் துய்மா பேரம் பேசினார். 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்குள் நுழைந்தார்கள். பிறகு தஞ்சாவூர் ராஜா பிரதாபசிங் காலத்தில் சுற்றுப்புறக் கிராமங்கள் மேலும் பல கை மாறின. ஒரு அரண்மனைக்கும் ஒரு கம்பெனிக்கும் நடுவில் நடந்த வியாபாரம் இது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை. மறுபடி 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தபோதுகூட ஓட்டுப் போட்டவர்கள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர்தான். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. ராஜாவும் கம்பெனியும் பேசி முடித்த காலத்தோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய முன்னேற்றம்.

இது தெரிந்த பிறகு கண்ணாடி மண்டபம் அழகு குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கூடியது என்றே சொல்வேன். அதே மண்டபத்தில்தான் 1919-இல் முதல் உலகப் போரின் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் போருக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இன்றும் ஜூலை 14-ஆம் தேதி காரைக்காலில் போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடுகிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த வயதான சொல்தாக்கள் மார்பில் மெடலோடு வந்து நிற்பார்கள். அந்த மாலைக்கும் இந்தக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நூல் ஓடுகிறது.

அரண்மனைகளைப் பற்றி இன்னொரு சங்கதியும் உண்டு. 1788 ஆகஸ்ட் 10-இல் திப்பு சுல்தானின் மூன்று தூதர்களைப் பதினாறாம் லூயி வெர்சாயில் வரவேற்றான். அவர்கள் கப்பலேறியது நம்முடைய புதுச்சேரியில். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டுப் போனார்கள். மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை. பாரிஸ் நகரமே அவர்களுடைய தலைப்பாகையைப் பார்க்கக் கூடியது என்பார்கள். பார்க்கப் போனவர்கள் பார்க்கப்பட்டார்கள். அடுத்த வருடம் அக்டோபரில் ஜனங்கள் ராஜாவை வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். 1792 ஆகஸ்ட் 10-இல் முடியாட்சி கவிழ்ந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே தேதியில், ராஜாக்களின் வீடாக இருந்த லூவரைப் பொதுமக்களுக்கு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தேதியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள்.

லூவரில் நான் பார்த்த பெரிய விஷயம் அந்தத் தேதிதான் என்று சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள். மோனாலிசா எழுபத்தேழு சென்டிமீட்டர் உயரம். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அந்த முகத்தைவிட அதைப் படம் பிடிக்கிற செல்போன்களே தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. சமையல்காரரும் துப்புரவு வேலை செய்கிற அம்மாவும் ராஜா நடந்த தரையில் செருப்போடு நடக்கிறார்கள். டிக்கெட் வாங்கியவன் எவனுக்கும் அங்கே கும்பிடு போட வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சிலைகளை லூவரில் தேடினால் கிடைக்காது. 1945-இல் அங்கிருந்த ஆசியச் சேகரிப்பைக் கிமே அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். லியோன் நகரத் தொழிலதிபர் எமில் கிமே ஏற்படுத்தியது. பாரிஸில் 1889-இல் திறந்தது. ஈஃபில் கோபுரத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே போகிற தூரம், ஆனால் நம்மவர்களின் வரிசையில் அது இல்லை. அங்கே இருக்கிற தென்னிந்தியச் சிற்பங்கள் பலவற்றுக்குப் பின்னால் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ஷூவோ துப்ரேயின் பெயர் வருகிறது. பல்லவர் கலையைப் பற்றி முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவர். நம் கோவில்களை நமக்கே விளக்கிச் சொன்ன மனிதர். கற்களைக் கப்பலில் அனுப்பி வைத்தவரும் அவரேதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை மதிக்கவோ கோபிக்கவோ வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு நடராஜர் இருக்கிறார். சோழர் காலம், ஒன்றரை மீட்டர் உயரம், முந்நூறு கிலோ எடை. உள்ளே பொள்ளலா கனமா என்று தெரிந்துகொள்ள, ஒரு லாரியில் ஏற்றி, ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் லாரியோடு அனுப்பினார்கள். முழுக்கக் கனம், திருவாசி உட்பட. சுவாமிமலையில் மெழுகு பிடிக்கிற எந்தப் பையனைக் கேட்டிருந்தாலும், பூஜைக்குரிய மூர்த்தியைக் கனமாகத்தான் வார்ப்பார்கள் என்று சொல்லியிருப்பான். ஆனாலும் சும்மா நம்பாமல் சோதித்துப் பார்க்கிற அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். நம்முடைய கிட்டங்கிகளில் பூட்டி வைத்திருக்கிற சிலைகளுக்கு நாம் அந்த அளவு சிரத்தை காட்டுகிறோமா என்பது வேறு கதை.

லண்டனுக்கு இன்னொரு நடராஜர் போனார், அவரும் விருந்தாளியாகப் போகவில்லை. திருவாரூர்ப் பக்கத்துப் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்குப் பக்கத்தில் தோண்டியபோது கிடைத்த செப்புச் சிலை அது. கை மாறி, கடல் தாண்டி, 1982-இல் லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வாங்கியிருந்த கம்பெனி வழக்குப் போட, பத்தூர் விசுவநாத சுவாமி கோவிலின் தரப்பில் சிவலிங்கமே வழக்காளியாக ஆங்கிலேய நீதிமன்றத்தில் நின்றது. 1988-இல் தீர்ப்பு நமக்குச் சாதகம். மேல்முறையீடும் முடிந்து 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார். குருவப்ப பிள்ளைக்கும் பத்தூர் நடராஜருக்கும் இடையில் இருநூற்று எழுபது வருடம். இருவர் வழக்கும் ஐரோப்பியத் தலைநகரில் நடந்தது, இருவரும் திரும்பியது ஜெயித்து.

எல்லோரும் வழக்குப் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் தெரிந்து போனால் போதும். மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் பாருங்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருவார். மீனவக் குடும்பங்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று சொல்லித்தான் வரவேற்பார்கள், தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால். தள்ளி நின்று சிற்ப அழகை ரசிக்கிற கூட்டம் இல்லை அது. உறவு முறை வைத்துக் கூப்பிடுகிறவன் கண்ணுக்குப் பட்டு வேட்டியின் கசங்கல்கூடத் தப்பாது.

கோபன்ஹேகனில் நான்காம் கிறிஸ்தியான் கட்டிய ரோசன்போர்க் மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620-இல் அந்த ராஜாவுக்கு எழுதிய பொன்னோலை அதே நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போகலாம். தரங்கம்பாடியில் அவர்களுக்குக் கோட்டை எழும்பியது அந்த உறவில்தான். 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்போதும் யாரும் ஊர்க்காரர்களைக் கேட்கவில்லை.

எனக்கு விளங்காத ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் வெர்சாய் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தஞ்சாவூர் அரண்மனையைப் பார்த்தவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. வாங்கியவன் வீட்டுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து போகிறோம். விற்றவன் வீடு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே தங்கமும் கண்ணாடியும் குறைவு, வௌவால் வாடையும் உண்டு, சுவரில் காதலர்கள் கிறுக்கிய பெயர்களும் உண்டு. ஆனால் 1951-இல் தொடங்கிய கலைக்கூடத்தில் இருக்கிற செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் கூட்டமே இல்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மோனாலிசாவிடம் அது நடக்காது. ராஜாக்களின் சொந்தப் புத்தகச் சாலையாக இருந்த சரசுவதி மகால் 1918 முதல் பொதுமக்களுடையது.

அடுத்த கோடையில் பிரான்சிலிருந்து பிள்ளைகள் வரும்போது, வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று சுற்றுகிற வரிசையில் தஞ்சாவூர் அரண்மனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்முடைய ஊரை விலை பேசியது இந்த வீட்டில்தான் என்று அங்கே நின்று சொல்லுங்கள். காரைக்காலிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் இருக்கிறது. காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம்.