கோட்டின் நாணயம்

கோடு தனியாக எதையும் சொல்வதில்லை. வெள்ளைத் தாளில் இழுத்த ஒரு கறுப்புக் கோடு வேலியாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம், குழந்தையின் கிறுக்கலாகவும் இருக்கலாம். அது இன்னதுதான் என்று இரண்டு பேர் உடன்பட்ட பிறகே அதற்கு அர்த்தம் பிறக்கிறது. சொல்லும் அப்படித்தான். சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் சொந்தம் உண்டு.

பரவைப் பக்கம் மதுரை நகரம் திண்டுக்கல் சாலை வழியே நடந்து வந்துகொண்டே இருக்கிறது. வயல் மனையாகிறது, மனையில் மாடி எழும்புகிறது. அந்த மாடிகளுக்குக் குழாய்ப் படம் வரைகிற இளைஞர் ஒருவர் தம் கணிப்பொறியில் ரெவிட் என்ற மென்பொருளைத் திறந்து காட்டினார். குடிநீர்க் குழாய் முழுக்கோடு. கழிவுநீர் நீண்ட கீறல்களாக விட்டு விட்டுப் போகிறது. காற்றுப்போக்கிக் குழாய்க்குக் குட்டைக் கீறல். மழைநீருக்குக் கீறலும் புள்ளியும் மாறி மாறி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானதிலிருந்து இந்தக் கடைசிக் கோட்டுக்கும் மரியாதை வந்துவிட்டது.

"ஒரு கோட்டின் தோற்றத்தை இரண்டு விதமாய் மாற்றலாம், ஐயா" என்றார் அவர். அந்த ஒரு குழாயை மட்டும் தொட்டு, அந்த ஒரு படத்தில் மட்டும், வேண்டிய நிறத்தையும் கீறலையும் பூசிவிடுவது ஒரு விதம். நிமிஷ வேலை. மற்றொன்று, குழாய் எந்த நீரமைப்பைச் சேர்ந்ததோ அந்த வகைக்கே நிறம், தடிப்பு, கீறல் முறை மூன்றையும் விதித்துவிடுவது. அதன்பின் அந்த வகைக் குழாய் எந்த மாடியில் ஓடினாலும் அந்தக் கோலத்தைத் தானே பூண்டுகொள்ளும். வகை மாறினால் கோலமும் மாறும். பூசிய கோடோ அப்படியல்ல. இடையில் யாரோ திட்டத்தை மாற்றி, அந்தக் குழாயைக் கழிவுநீருக்கு ஒதுக்கிய பிறகும், அது பழைய வேடத்திலேயே குடிநீர் என்று சொல்லிக்கொண்டு நிற்கும்.

பூசிய அன்றைக்கு அந்தக் கோடு பொய்யல்ல. இதைக் கவனிக்க வேண்டும். பூசியவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, உள்ளதைத்தான் காட்டினார். பொய்யை நாம் எப்போதும் நெஞ்சுக்குள் தேடுகிறோம். கெட்ட எண்ணம் இல்லையென்றால் பொய்யும் இல்லை என்று தீர்ப்பளித்து எழுந்துவிடுகிறோம். இங்கேயோ எண்ணம் சுத்தம், கோடு பொய். இந்தப் பொய்யை யார் தலையில் கட்டுவது? பூசியவர் தலையிலா, பிறகு மாற்றியவர் தலையிலா?

முதலாமவர் பங்குதான் பெரிது என்பது என் கட்சி. மாற்றியவர் தம் வேலையைச் செய்தார். பூசியவர், உண்மையாய் இருப்பதற்கான காரணத்திலிருந்து கோட்டை அறுத்துவிட்டு, அன்றைக்கு உண்மைபோல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். அப்படிப்பட்ட உண்மை தற்செயலாக உண்மை. ஊரில் சிலருடைய நல்ல பெயரும் இந்த ஜாதிதான். என்றோ சம்பாதித்தது, இன்றைய நடத்தையோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"நாளைக் காலையில் படம் வேண்டும் என்கிறார்களே" என்றார் இளைஞர். வாஸ்தவம்தான். அவசரத்தின் பேரில் நடக்கிற தவறுகளுக்கு உலகத்தில் எங்கேயும் தண்டனை குறைவு.

இன்னொன்றும் சொன்னார். திரையில் எத்தனை வர்ணம் இருந்தாலும், கட்டடம் எழும்புகிற இடத்துக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகல். நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிடும். கீறலும் புள்ளியும்தான் மிஞ்சும். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாத கண்களும் உண்டு. எனவே நிறத்தை மட்டும் நம்பிய படம், குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்காக வரைந்த படம். வெயிலில் ஏணிமேல் நிற்கிறவர் அதன் கடைசி வாசகர். அவருக்குக் கேள்வி கேட்க நேரமில்லை.

கண்ணுக்குத் தெரிகிற குழாய்களுக்கு நாட்டுக்கே பொதுவாக ஒரு விதி உண்டு. இந்தியத் தரநிலை 2379, 1990ஆம் ஆண்டுப் பதிப்பில், தண்ணீருக்குக் கடல் பச்சை, நீராவிக்கு அலுமினிய நிறம், எண்ணெய்க்கு வெளிர் பழுப்பு, அமிலத்துக்குக் கருஊதா என்று வகுத்திருக்கிறது. குடிக்கிற தண்ணீரா, யந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீரா என்பதை மேலே பூசிய வளையங்கள் சொல்லும். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போன குழாய்க்கு வளையம் இருந்தென்ன? அங்கே படம் ஒன்றுதான் சாட்சி. 1854இல் லண்டனில் பிராட் தெருக் கிணற்றுக்குச் சில அடி தள்ளிக் கழிவுக்குழி ஒன்று கசிந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுள் நூற்றுக்கணக்கானோர் காலராவில் மாண்டார்கள். கிணற்றுக்கு அத்தனை அருகே என்ன இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடியில் 2019இல் நடந்த அகழாய்வில், ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தவை. செய்தவர்களுக்குள் இது எந்த நீருக்கான குழாய் என்பதில் சந்தேகமே இருந்திராது. தெருவில் போகிற சிறுவனைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். இன்று ஆய்வாளர்கள் அதன் அமைப்பையும் போக்கையும் பார்த்து ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாய் உடையாமல் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் உடன்பட்டிருந்த ஆட்கள்தாம் இல்லை.