யாருடைய நாய்?

'கண்ணி' என்ற சொல்லை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். தலையில் சூடும் பூமாலைக்கும் அதுதான் பெயர். விலங்கைப் பிடிக்கும் சுருக்குக்கும் அதுதான். இந்த முறை ராக்ஸியின் கதையையும் சொன்னேன்.

ராக்ஸி ஒரு நாய். 2018இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா குரூஸ் ஏரிக்கு அருகே பொது நிலத்தில் தன்னை வளர்த்தவரோடு போனபோது கம்பிச் சுருக்கு கழுத்தில் இறுகியது. அவர் விடுவிக்கப் போராடிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டது. தோலுக்காக நரி, காட்டுப்பூனை பிடிப்பவர்கள் அங்கே பொறி வைக்கலாம். பாதையிலிருந்து 25 கஜம் தள்ளி வைக்க வேண்டும், தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதிகள் இருந்தன. கழுத்தில் விழுந்த சுருக்குக்கு ஒரு நாள் எதற்கு? சில நிமிடங்கள் போதும். 2021இல் அந்த நாயின் பெயராலேயே அறியப்படும் சட்டம் பிரதிநிதிகள் அவையில் 35க்கு 34 என்று நிறைவேறியது. 2022 ஏப்ரல் முதல் மாநிலத்தின் பொது நிலங்களில் பொறி, சுருக்கு, நஞ்சு மூன்றுக்கும், சில விலக்குகளோடு, தடை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அதுக்கு முன்னாடி செத்த நரிக்கெல்லாம் பேரே இல்லையா மேடம்?"

அவளுடைய அம்மா மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர். ஆட்டோடு கூடவே போகும் தெருநாய் ஒன்று காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டிச் செத்தது. "யாரோட நாய்னு கேட்டாங்க. யாரோடதும் இல்லைன்னு அம்மா சொன்னாங்க. அத்தோட விட்டுட்டாங்க."

காட்டுயிருக்குச் சுருக்கு வைப்பதையும் வேட்டை என்றே நம் 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கம்பி வைத்தவரும் பன்றியிடம் கடலையைப் பறிகொடுத்த சிறு விவசாயியாக இருக்கலாம். அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. என்னை உறுத்துவது அந்த ஒரு கேள்விதான். நரி செத்தால் வேட்டை, வளர்ப்பு நாய் செத்தால் கொடுமை, தெருநாய் செத்தால் ஒன்றுமில்லை. கம்பி ஒன்றுதான். யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து சாவின் எடை மாறுகிறது. "உன் அக்கா தங்கச்சியா இருந்தா சும்மா விடுவியா?" என்று நமக்காகப் பேசுபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அக்காவாகவும் தங்கையாகவும் யாருக்கும் இல்லாத பெண்ணை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

நாயைக் கயிற்றில் பிடித்துப் போக வேண்டியதுதானே என்பது இத்தகைய தடைகளை எதிர்ப்பவர்கள் எங்கும் சொல்கிற வாதம். அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்பதைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது புதிதல்ல. நிலம் எல்லோருக்கும் பொது; கம்பி வைத்தவர் வீட்டுக்குப் போய்விடுகிறார், எச்சரிக்கை மட்டும் நடப்பவர் தலையில்.

ஆனாலும் அந்த அவையில் நான் இருந்திருந்தால் 35 பேரில் ஒருத்தியாகத்தான் கை தூக்கியிருப்பேன். அந்தச் சட்டத்தால் நரியும் பிழைக்கிறது, நாயின் பெயரில். மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.