விண்பனியும் பிறப்புப் பெருமையும்

‘அவர்கள் ரத்தம் வேறு, நம் ரத்தம் வேறு’ என்று சொல்லும் பெரியவர்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்னும் இருக்கின்றனர். பொது மேடையில் அவ்வாறு பேச அவர்கள் நாணுவர். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நாளிலோ அந்த நாணம் எங்கோ போய்விடுகின்றது. இத்தகையோர்க்கு விடையாக நமது சீர்திருத்த நண்பர் சிலர் இப்பொழுது ஆகாயத்தைச் சுட்டிக் காட்டுகின்றனர். மனித உடலின் மூலப்பொருள்கள் விண்வெளிப் பனியிலேயே உண்டாகின்றன என விஞ்ஞானம் கண்டுவிட்டதாம். ஆகவே ஜாதியும் பொய், சிருஷ்டிக் கதையும் பொய் என்று அவர்கள் முடிவு கட்டுகின்றனர். ஜாதி பொய் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நல்ல முடிவுக்குப் போகும் வழியும் நேரானதுதானா என்று பார்த்தல் நம் கடமையன்றோ?

முதற்கண் உண்மை யாதெனக் காண்போம். நட்சத்திரங்களுக்கிடையே, ஒளி புகாத பெரும் வாயு மேகங்கள் உள்ளன. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் ஏறத்தாழ 263 டிகிரி. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிய தூசிகள் அம்மேகங்களில் மிதக்கின்றன. மணலும் கரியும் போன்ற பொருளாலான அத்தூசிகளின்மேல் வாயுக்கள் பட்டு உறைந்து பனியாகப் படிகின்றன. யாவும் அசைவற்றுக் கிடக்கும் அக்குளிரிலும் ஹைட்ரஜன் அணு ஒன்றுமட்டும் ஊர்ந்து திரியும். அது கரியும் பிராணவாயுவும் கூடிய கார்பன் மோனாக்சைடுடன் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, முதலில் பார்மால்டிஹைடும் பின்னர் மெத்தனால் என்னும் சாராயமும் பிறக்கின்றன. புற ஊதாக் கதிர்கள் இவற்றைச் சிதைக்கின்றன. சிதைந்த துண்டுகள் பனிக்குள் சிறைப்பட்டுக் கிடந்து, அருகே ஒரு நட்சத்திரம் உருவாகிச் சிறிது வெம்மை தட்டியதும் நகர்ந்து ஒன்றோடொன்று கூடிப் பெரிய மூலக்கூறுகள் ஆகின்றன. அடுப்பில்லாச் சமையல் எனலாம். ஆனால் இச்சமையலுக்குச் செல்லும் காலம் லட்சக்கணக்கான ஆண்டுகள். நம் தோட்டங்களில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகின்றோமே, அந்தப் பார்மிக் அமிலமும் இத்தகைய பனியில் இருப்பதற்கான அடையாளத்தை வெப் தொலைநோக்கி கண்டதாக 2024-இல் அறிவித்தனர்.

இது வெறும் ஊகமன்று. 2002-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரு குழுவினர் தனித்தனியே இத்தகைய பனியைச் சோதனைச் சாலையில் உண்டாக்கி, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, எஞ்சியதை ஆராய்ந்தபோது அமினோ அமிலங்களைக் கண்டனர். 1969-இல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்னும் ஊரில் விழுந்த விண்கல்லில் எழுபதுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023-இல் கொணர்ந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 காணப்பட்டதாக 2025-இல் வெளியிட்டனர்.

யூரியாவின் கதை இதனினும் சுவையானது. உயிர்ப்பொருளை ஆக்க ஒரு தனி ஜீவசக்தி வேண்டும் என்று ஐரோப்பிய அறிஞரே நம்பியிருந்த காலத்தில், 1828-இல் வோலர் என்னும் ஜெர்மானியர் உயிரற்ற உப்பிலிருந்து யூரியாவைச் செய்து காட்டினார். சிறுநீரில் உள்ளதும் அதுவே, நாம் மரத்தடியில் உரமாக இறைப்பதும் அதுவே. 2019-இல் நமது வான்வீதியின் நடுப்பகுதியை அடுத்த மேகத்திலும் அதுவே இருக்கக் கண்டனர். இனி அதனைத் தீட்டு என்பதா, தெய்வீகம் என்பதா? சாஸ்திரம் அறிந்தோர் கூடி முடிவு செய்க.

நிற்க. நம் நண்பர்கள் தவறுவது இதன் பின்னரே. அமினோ அமிலம் உயிரன்று. பென்னுவின் மண்ணில் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஏறக்குறையச் சம அளவில் உள்ளன. உயிரோ பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே கொள்கின்றது. அந்தத் தேர்வு எப்படி நிகழ்ந்தது என்பது இன்னும் தீராத வினா. அவ்விடைவெளியை ‘விஞ்ஞானம் கண்டுவிட்டது’ என்னும் சொல்லால் மூடுவோமாயின், அங்கே புராணத்தை வைத்து அடைத்தவரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி உண்டு?

இன்னொன்றும் உண்டு. ‘கரியும் வைரமும் ஒரே பொருள்தான், இரண்டுக்கும் விலை ஒன்றா?’ என்று பிறப்புப் பெருமை பேசுவோன் திருப்பிக் கேட்டால் யாது சொல்வது? பொருள் ஒன்று என்பதனாலேயே மதிப்பும் ஒன்று என்று ஆகிவிடாது. இதனை ஒப்புக்கொள்ள நமக்கு வருத்தமில்லை. ஏனெனில் நமது சமத்துவம் அந்தப் பனியின்மேல் கட்டப்பட்டதன்று. நால்வர் நடுவே ஒருவனுக்கு மட்டும் தனிக்குவளையில் தண்ணீர் நீட்டப்பட்டபோது அவன் முகம் சுருங்கியதே, அதனைக் காண எந்தத் தொலைநோக்கி வேண்டியிருந்தது? நாளைக்கே இருவர் உடல் இருவேறு மேகத்துத் தூசியால் ஆனவை என்று ஒருவர் நிரூபித்துவிட்டாலும், அந்தத் தனிக்குவளை நியாயமாகிவிடுமா?

அப்படியாயின் இவ்வாராய்ச்சியால் பயனில்லையோ எனின், உண்டு. தூய பிறப்பினன் என்போன் இதுகாறும் தன் உடலையே சாட்சியாக நிறுத்தி வந்தான். அந்தச் சாட்சி இப்பொழுது அவன் பக்கம் பேச மறுக்கின்றது. அவ்வளவே, அதுவும் சிறிதன்று. நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் பென்னுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசட்டும், நாமும் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம். குவளையைப் பற்றிப் பேச எழும்போது மட்டும் அந்த விண்கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுமாறு வேண்டுகின்றோம்.