மறதி நோவின்மை ஆகுமோ?

ஓருயிர் ஒரு துன்பத்தை நுகர்ந்து, பின்னர் அந்நுகர்ச்சியை முற்றிலும் மறந்துவிடுமாயின், அத்துன்பம் அவ்வுயிர்க்கு நிகழ்ந்தது எனப்படுமோ, நிகழாதது எனப்படுமோ? இவ்வினா வாதத்தின் பொருட்டு எழுப்பப்படும் வெறும் வினா அன்று. இக்காலத்து மருத்துவச் சாலைகளில் நாள்தோறும் எழுவது. எழுந்தும் பெரும்பாலும் கேளாது விடப்படுவது. வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பையை நோக்குதல், முறிந்த எலும்பை நேர்செய்தல் முதலிய சிறு சிகிச்சைகளின்போது நோயாளிக்கு அரைமயக்கம் தரும் மருந்து ஊசிவழி ஏற்றப்படுகின்றது. அவர் கண்மூடிக் கிடப்பினும் சொல்லியது கேட்பார், ஒரோவழி முனகுவார், கையை விலக்க முயல்வார். சிறிது பொழுது கழித்து, "எப்படி இருந்தது?" என வினவினால், "ஒன்றும் தெரியவில்லை" என்பார். அருகிருந்த செவிலியோ அவர் முனகியதைக் கேட்டவள். இவ்விருவர் சான்றுள் எது கொள்ளற்பாலது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

மயக்க மருந்துகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பது முதற்கண் உணரற்பாலது. மிடாசொலாம் என்னும் மருந்து, மூளையின் நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் பொருளின் செயலை மிகுவிப்பது. அஃது அச்சத்தைத் தணிக்கும், துயிலை வருவிக்கும், அது செயற்படும் பொழுதில் நிகழ்வன நினைவிற் பதியாவண்ணம் தடுக்கும். ஆயின் நோவைத் தணிப்பதற்கெனக் கொள்ளத்தக்க மருந்து அஃது அன்று. ஆதலின் நோவு மிகும் சிகிச்சைகளில் நோவு தணிக்கும் பிறிதொரு மருந்தும் அதனோடு சேர்க்கப்படும். 1962-ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற கெட்டமின் என்னும் மருந்தோ வேறு வழியாற் செயற்பட்டு நோவைத் தணிக்கும் இயல்பினது. எனவே மறப்பித்தல் ஒரு தொழில், நோவு தணித்தல் மற்றொரு தொழில் என்பது மருந்துகளின் இயல்பானே பெறப்படும்.

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. செருமனி தேயத்துப் பிரைபர்க் நகரத்தில் கிரோனிக், கௌஸ் என்னும் மருத்துவர் இருவர் மகப்பேற்று நோவிற்கு ஒரு முறை வகுத்தனர். கௌஸ் அதனை 1906-ல் வெளியிட்டார். சிறிதளவு மார்பீனும், அதனோடு ஸ்கோபோலமீன் என்னும் மருந்தும் தாய்க்குச் செலுத்தப்பட்டன. மருந்து போதுமா என்பதை அவர்கள் அறிந்த வகைதான் வியப்பிற்குரியது. ஒரு பொருளைத் தாய்க்குக் காட்டிச் சிறிது பொழுது சென்றபின், "முன்பு இதனைக் கண்டதுண்டோ?" என வினவுவர். கண்டேன் என்பாளாயின் மேலும் மருந்து செலுத்துவர்; காணவில்லை என்பாளாயின் போதும் என விடுவர். அளக்கப்பட்டது நோவு அன்று, நினைவே. அத்தாயர் பேற்றின்போது அரற்றியது உண்டு. விழித்தபின் அரற்றியதனை அறியார். "வலியற்ற பேறு" எனப் புகழப்பட்ட இம்முறையைத் தம் நாட்டிலும் வேண்டுமென 1914-ல் அமெரிக்கப் பெண்டிர் பலர் கிளர்ந்தெழுந்தனர். தாய்க்கும் சேய்க்கும் அதனால் விளையும் ஊறுகள் அறியப்பட்டபின் அஃது அருகி மறைந்தது.

மறந்தவர் சொல்லைக் கொண்டே நோவின் உண்மை இன்மைகளைத் துணியலாமோ என்பதற்கு இக்காலத்து ஆராய்ச்சிகள் இரண்டு துணைசெய்கின்றன.

முதலாவது முன்கை முறை எனப்படுவது. டன்ஸ்டால் என்னும் மருத்துவர் 1977-ல் வெளியிட்டது இது. அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைச் செயலறச் செய்யும் மருந்தும் செலுத்தப்படுதலின், நோயாளி உள்ளே விழிப்பாயிருப்பினும் அதனைக் காட்ட மாட்டார். ஆதலின் அம்மருந்தைச் செலுத்துமுன் ஒரு கையை இறுகக் கட்டி, மருந்து அக்கையின்கண் செல்லாவாறு தடுப்பர். பின்னர், "கேட்கின்றதாயின் கையை அழுத்துக" என்பர். 2017-ல் வெளியிடப்பட்ட பன்னாட்டு ஆராய்ச்சி ஒன்றில், மயக்கத்தில் இருந்த 260 பேருள் 12 பேர் கையை அழுத்தி விடையிறுத்தனர். அவருள் ஐவர் நோவு உண்டு என்பதனையும் அவ்வாறே அறிவித்தனர். இங்ஙனம் விடையிறுப்போருள் மிகப் பலர் விழித்தபின் அதனைச் சிறிதும் நினைவுகூரார்.

இரண்டாவது மூளையைப் படமெடுத்து ஆராய்வது. குருதியிற் கலந்த பிராணவாயுவின் ஏற்றக்குறைவிற்கேற்பக் காந்தப்படம் வேறுபடும் என ஒகாவா என்னும் சப்பானிய அறிஞர் 1990-ல் கண்டறிந்தார். அதுகொண்டு மூளையின் எப்பகுதி எப்பொழுது மிகுந்து தொழிற்படுகின்றது என்பதனை மண்டையோட்டைத் திறவாமலே அறியும் முறை தோன்றிற்று. அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் இம்முறையாற் செய்து 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயற்றார் 26 பேர் தாமே இசைந்து உட்பட்டனர். வெறும் உப்புநீர் ஏற்றப்பட்ட நிலையிலும், மிடாசொலாம், கெட்டமின் என்பவை சிறிதளவே ஏற்றப்பட்ட நிலைகளிலும் அவர்க்கு நினைவுப் பயிற்சி தரப்பட்டது. இடையிடையே நோவும் ஊட்டப்பட்டது. நினைவுகூரும் ஆற்றலின் அளவு உப்புநீரின்போது 1.78, கெட்டமினின்போது 1.55, மிடாசொலாமின்போது 0.73. மிடாசொலாம் நினைவைப் பெரிதும் தேய்த்தது என்பது இதனாற் புலனாம். ஆயின் படங்கள் காட்டியது மற்றொன்று. கெட்டமின் மூளைப் பகுதிகளின் இயைபைப் பல இடங்களிற் குறைத்தது. மிடாசொலாமோ சில இடங்களிற் குறைத்து, அவற்றினும் மிகப் பல இடங்களில் அவ்வியைபைப் பெருக்கிற்று. நோவு ஊட்டப்பெறுகையில் மூளையின் உறுப்புகள் ஒன்றோடொன்று கூடித் தொழிற்படுதல் மிகுந்திருக்கவும், நினைவுமட்டும் குன்றியிருத்தல் கூடும் என்பதே அவ்வாராய்ச்சியார் கண்ட முடிபு. எழுதுவோன் உறங்கினான், அவை உறங்கவில்லை.

இனி இதனைச் சித்தாந்த நெறிநின்று நோக்குவாம் என்பார்க்குச் சிவஞானபோதத்தின் மூன்றாம் நான்காம் சூத்திரங்களே வழிகாட்டும். மூன்றாஞ் சூத்திரம் உயிர் உடம்பின் வேறாதலை நிறுவுமிடத்து உறக்க நிலையினையும் ஓர் ஏதுவாகக் கொள்ளும். நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களோடு கூடி நிற்கும் உயிரை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு உவமித்து, அவத்தை ஐந்துடையதென அறிவுறுத்தும். நினைத்தல் சித்தத்தின் தொழில். நுகர்தலோ உயிரின் தொழில். கரணங்கள் சடமாதலின் அவை நுகரா. அரசவையில் ஓலை எழுதுவோன் ஒருநாள் வாராதொழிந்தான் எனின், அற்றைநாள் அரசன் செவியேற்ற முறையீடு கேளாததாகிவிடுமோ? ஏட்டில் இல்லை என்பதொன்றே அதனாற் போதரும்.

அற்றேல், நினைவின்வழிப் படாத துன்பம் துன்பமேயன்று எனக் கொள்ளின் வரும் இழுக்கு என்னையெனின், கூறுதும். உயிர் எண்ணிறந்த பிறவிகளில் இன்பதுன்பங்களை நுகர்ந்து வந்தது என்பது சைவர்க்கு ஒப்ப முடிந்தது. அவற்றுள் ஒன்றையேனும் இப்பிறவியில் நினைவுகூர்வார் யார்? நினைவின்மையால் நுகர்ச்சியின்மை பெறப்படுமாயின், அப்பிறவிகளில் வினைப்பயன் நுகரப்படவில்லை என்றாகும். நுகரப்படாத வினை கழிந்தது என்றலும் கூடாதாம். அன்றியும், தொட்டிலிற் கிடந்து வீறிட்டழும் குழவி பின்னாளில் அதனை நினையாது. அதுபற்றி அதற்குப் பசியும் நோவும் இல்லை என்பாரைத் தாய்மார் எவரும் மதியார். ஆயினும் இவ்வழுவை மருத்துவ உலகமே நெடுங்காலம் செய்தது. பச்சிளங் குழவிகட்கு நோவு தணிக்கும் மருந்து போதிய அளவு தாராமலே அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் 1980-களிலும் இருந்தது. அம்மருந்து தரப்பெற்ற குழவிகளின் உடல்நிலை, தரப்பெறாதவற்றினும் நன்றாயிருந்தமையை ஆக்ஸ்போர்டு மருத்துவர் 1987-ல் காட்டிய பின்னரே அவ்வழக்கம் தளரலாயிற்று.

மறந்த நோவு மறைந்த நோவும் அன்று. செனீவா நகரத்துக் கிளாபரேத் என்னும் அறிஞர் 1911-ல் எழுதிய செய்தி ஒன்று இதற்குச் சான்றாம். அவர்பால் புதிய நினைவு எதுவும் நிலைபெறாத நோயினள் ஒருத்தி இருந்தனள். அவர் தம் விரலிடையில் ஓர் ஊசியை மறைத்து அவளோடு கைகுலுக்கினார். சிறிது பொழுதில் அவள் குத்துண்டதனை மறந்தாள். மீண்டும் அவர் கைநீட்டியபோதோ, காரணம் சொல்லத் தெரியாதவளாய்த் தன் கையைப் பின்வாங்கிக்கொண்டாள். சித்தத்தில் ஏடு இல்லை. ஆயினும் வாசனை உண்டு. கானடா நாட்டு மருத்துவர் 1997-ல் கண்டதும் இவ்வினத்ததே. பிறந்த அணிமையில் நோவுற்ற ஆண்மகவுகள், நான்கு அல்லது ஆறு திங்கள் சென்று தடுப்பூசி இடப்பட்டபோது மற்றைய மகவுகளினும் மிகுதியாக நோவு காட்டின. முன் நுகர்ந்தது மறந்தும் பின் நுகர்ச்சியைத் திருத்துகின்றது என்பது, வாசனையும் சமஸ்காரமும் கூறும் நம் நூல்வழியார்க்குப் புதிதன்று.

உலகாயதர் ஈண்டு ஒன்று வினவுவர்: "நினைவும் நோவும் மூளைப் படத்திற் காணப்படுதலின், மூளையே நுகர்வதென்று கொள்க, உயிர் வேண்டா" என. படத்திற் காணப்படுவது குருதியோட்டத்தின் வேறுபாடே. முரசு அதிர்தலைக் கண்டவன் முரசின் அதிர்ச்சியைக் கண்டானேயன்றி, அவ்வொலியைக் கேட்டோனது கேள்வியைக் கண்டானல்லன். கருவி தொழிற்படுகின்றது என்பதனைப் படம் காட்டும். கருவியைக் கொண்டு நுகர்வது யாது என்பதனைப் படம் கூறாது. இதுபற்றி உயிருண்மை படத்தால் நிறுவப்பட்டது என மகிழ்தலும் பொருந்தாது. அஃது அதற்குரிய அளவைகளால் நிறுவப்படுவது. மறந்தவன் சொல் முடிந்த சான்று ஆகாது என்பதனைப் படம் வலியுறுத்தும். அவ்வளவே அதனாற் கொள்ளும் பயன். அது சிறிதும் அன்று.

இனிச் சைவருள்ளே ஒருசாரார், "நோவு வினைப்பயனாதலின் நுகர்ந்தே கழிதற்பாலது, மறந்தாலென், மறவாதிருந்தாலென்?" என்பர். வினைப்பயன் நுகர்வார்க்கு ஆறுதலாதற்கு உரியது. நுகர்விப்பார்க்கு வாயில் ஆதற்கு உரியதன்று. ஒருவற்கு வந்த நோவு அவன் வினையால் வந்ததாயின், அதனை ஆற்றும் மருந்தும் மருத்துவனும் அவன் வினையால் வந்தமை யாங்ஙனம் இல்லையாம்? பிறிதின்நோய் தந்நோய்போற் போற்றாதவழி அறிவினால் ஆவது யாதும் இல்லை என்பது அறநூல் கண்ட நெறி. சிவனருளைப் பெற வேட்பார்க்கு உயிர்களிடத்து இரக்கமே முதற்படி.

அங்ஙனமாயின் மறப்பிக்கும் மருந்து தீதோ எனின், அன்று. கருவிகள் ஒடுங்கும் அளவிற்கு ஏற்ப உயிரின் நிலை வேறுபடும். சாக்கிரத்தில் 35 கருவிகளும், சொப்பனத்தில் 25-உம், சுழுத்தியில் மூன்றும் நிற்குமென நூல்கள் வகுத்தது அதனையே காட்டும். மருந்தால் வரும் மயக்கம் அவ்வவத்தைகளே எனல் வேண்டா. ஆயினும் நூல் கற்பிக்கும் வினாவினை இங்கும் வினவலாம்: ஒடுங்கியது எக்கருவி? முற்றொடுங்கிய ஆழ்ந்த மயக்கத்தில் நோவிற்கு இடமில்லை. நினைவுமட்டும் ஒடுங்கிய அரைமயக்கத்தில் இடமுண்டு. நோவு தணிக்கும் மருந்துகள் மிகின் மூச்சு தளரும் இடர் உண்மையின், மருத்துவர் அளவறிந்தே அவற்றைத் தருதல் வேண்டும் என்பதும் மறுக்கற்பாலதன்று. அஞ்சி நடுங்குவான் ஒருவற்கு, நோவைத் தணித்தபின் அச்சத்தின் நினைவையும் துடைத்தல் அருட்செயலே. நோவைத் தணியாது நினைவை மட்டும் துடைத்துவிட்டு, "அவர்க்கு ஒன்றும் நேரவில்லை" எனக் கூறுதல், கடன்பட்டவன் சீட்டைக் கிழித்துவிட்டுக் கடன் தீர்ந்தது எனக் கூறுதலை ஒக்கும்.

ஆதலின் அரைமயக்கத்திற் கிடப்பான் முனகுவானாயின், அம்முனகலே அப்பொழுதிற்குரிய சான்று. விழித்தபின் அவன் கூறுவது வேறொரு பொழுதின் சான்று. முன்னதைக் கேட்டுக் கைநிறுத்தி நோவாற்றுதல் மருத்துவன் கடன். அதனை எடுத்துரைத்தல் அருகிருப்பார் கடன். நோயாளி தான் பட்டதனை மறக்கலாம். உயிர்க்குயிராய் உடனின்று அதனை நுகர்விக்கும் இறைவன் மறந்தான் என்பார் சைவருள் இலர். அவனறிய நிகழ்ந்தது நிகழ்ந்ததே என்று கொண்டு ஒழுகுதலே அறமாம் என்க.