நீண்ட சுங்கானின் மறுமுனை

இன்பம் தேடுவது குற்றமா? அன்று! உழைத்துக் களைத்தவன் சிறு சுகம் நாடினால், நரகத்தைக் காட்டி மிரட்டுவது பகுத்தறிவாளன் வேலையல்ல. ஆனால், அந்தச் சுகம் எவர் கையால் வருகிறது என்று கேட்பது அவன் கடமை.

ஒட்டோமான் பேரரசில் சீமான்கள் பிடித்த 'சிபுக்' என்னும் சுங்கானைப் பாருங்கள். செர்ரி மரத்திலோ மல்லிகைத் தண்டிலோ துளையிட்ட குழல். ஒரு முனையில் அம்பர் வாய். மறுமுனையில் களிமண் கிண்ணம். நீளம் நான்கடி, ஐந்தடி!

குழல் நீண்டால் புகை குளிரும், உண்மை. ஆனால், பெருமையும் அல்லவா நீண்டது! திண்டில் சாய்ந்தவன் கை, கிண்ணத்தை எட்டுமா? எட்டாது. புகையிலை திணிக்க ஒருவன், தணல் வைக்க ஒருவன் வேண்டும். அதற்கெனவே ஏவலாள் வைத்தனர். தன் கை எட்டாமையே தகுதியின் அளவுகோலாயிற்று! என்னே விந்தை!

1633இல் சுல்தான் நான்காம் முராத், புகைத்தோருக்கு மரணதண்டனை விதித்தான். வாள் ஓங்கியது; பழக்கம் ஓயவில்லை. அச்சம் அடக்கும், அறிவே திருத்தும். சுங்கான் பிடிப்பதால் உதட்டில் புற்று வரும் என்று 1964இல் அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை எடுத்துரைத்தது. குளிர்ந்தாலும் நஞ்சு நஞ்சே!

இன்று அக்குழல்களைச் சேகரிப்போர் உளர். சேகரிக்கட்டும், கடைந்தவன் கைத்திறனைப் போற்றட்டும். ஆனால், நீளத்தை வியக்கும்போது, மறுமுனையில் குனிந்து நின்றவனையும் எண்ணட்டும்.

தோழர்களே! பிறர் முதுகை வளைத்துப் பெறுவது இன்பமன்று, ஆணவம்.